ஏலத்தில் இல்லாத கிழக்கு

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையும், அதற்கப்பால் பொத்துவில் வரையும் நீளும் நமது கரையோர ஊர்களில், பந்தடிப்பதிலோ பந்தெறிவதிலோ பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லாதவனாயினும், இந்தியாவின் ஐ.பி.எல். கிரிக்கெட்டின் பத்து அணிகளில் எதன் கையிருப்பில் எத்தனை கோடி மிஞ்சியிருக்கிறது, எந்த வீரனை எந்த அணி விடுவிக்கப்போகிறது, விடுபட்டவனை வாங்கக் காத்திருப்பவர் யார் என்பவற்றையெல்லாம் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் பிழையின்றி ஒப்புவிக்கக்கூடிய ஓர் இளைஞனாவது இல்லாத தெரு இல்லை. ஆட்டம் நடக்கும் பங்குனி சித்திரையைக் காட்டிலும், ஆட்டமே இல்லாத கார்த்திகையும் மார்கழியுமே அவனுக்குப் பிரதானமான பருவம். பெரும்போகத்து விதைப்பு முடிந்து, மழையையும் வெள்ளத்தையும் பற்றிய கவலையிலே ஊர் ஆழ்ந்திருக்கும் நாட்களில், தேநீர்க் கடையின் ஒரு மூலையில் அவனுடைய பெரும்போகம் தொடங்குகிறது. “நெல்லு மூட இப்ப என்ன வெல போகுதெண்டு ஒனக்குத் தெரியுமா மகன்?” என்று வயலிலிருந்து திரும்பும் பெரியவர் ஒருவர் குத்தலாகக் கேட்டால், “அது வாப்பாக்குத் தெரியும் சாச்சா” என்று சிரித்துவிட்டு, கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கொல்கத்தாவின் கணக்கைத் தொடர்கிறான்.

இவனைப் பரிகசிப்பது சுலபம். நமது ஊர்ப் பெரியவர்கள் அதைச் செவ்வனே செய்தும் வருகிறார்கள். நான் அவன் பக்கம் நின்று சிறிது வாதாட விரும்புகிறேன். ஆட்டத்தைப் பார்ப்பவன் ஒரு மாலைப்பொழுதின் விளைவை மாத்திரம் பார்க்கிறான். அணி உருவாகும் விதத்தைப் பின்தொடர்பவனோ, வரையறுக்கப்பட்ட பணத்தைக் கொண்டு எதை வாங்குவது, எதை இழப்பது, இன்றைய வெற்றியை நாளைய வளர்ச்சிக்காக எவ்வளவு தூரம் தியாகம் செய்வது என்ற, ஒரு வீட்டுக்கும் ஒரு நாட்டுக்கும் பொதுவான விசாரத்தையே, தான் அறியாமல், பயின்றுகொண்டிருக்கிறான். 2025 நவம்பர் 15ஆந் திகதி, பல பருவங்களாகச் சென்னையின் தூணாக விளங்கிய ரவீந்திர ஜடேஜாவையும் அவருடன் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, அங்கிருந்து சஞ்சு சம்சனைச் சென்னை பெற்றுக்கொண்டதாக அறிவிக்கப்பட்டபோது, நமது கரையிலே எழுந்த சம்பாஷணைகளின் தரத்தைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். ஜடேஜாவின் ஊதியம் 18 கோடி ரூபாயிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது ஏன், வயது முதிர்ந்த சகலதுறை வீரர் ஒருவருக்குப் பதிலாக விக்கெட் காப்பாளர் ஒருவரைப் பெறுவதில் உள்ள தூரதிருஷ்டி யாது, விசுவாசத்துக்கு ஒரு விலை உண்டா என்றெல்லாம் தர்க்கம் நடந்தது. நமது உள்ளூராட்சிச் சபைகளின் வரவு செலவுத் திட்டம் பற்றி இதில் பாதி நுட்பத்தோடு ஒரு விவாதம் நடந்திருந்தால் எத்தனையோ வடிகான்கள் உருப்பட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

அதே ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி அபுதாபியில் நடந்த ஏலத்தில் மதீஷ பத்திரனவைக் கொல்கத்தா 18 கோடி ரூபாய்க்கு எடுத்த செய்தியோ நமக்கு இன்னும் நெருக்கமானது. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த, லசித் மாலிங்கவை நினைவூட்டும் வகையில் கையைப் பக்கவாட்டில் வீசிப் பந்தெறியும் அந்த இளைஞர், 2022இல் காயமுற்ற அடம் மில்னுக்குப் பதிலாக வெறும் 20 இலட்சம் ரூபாய்க்குச் சென்னை அணியில் சேர்ந்தார். 2023இல் 19 விக்கெட்டுகள் வீழ்த்தினார். மறு ஆண்டு மும்பை வான்கடேயில் 28 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்தார். பின்னர் 13 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டு, ஒரு பருவம் சோபிக்காமற் போகவே விடுவிக்கப்பட்டு, விடுவித்த விலையினும் மேலான விலைக்கு வேறோர் அணிக்குப் போனார். இந்தச் சிறு சரித்திரத்தில் ஒரு தொழிற்சந்தையின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதைப் பாடப்புத்தகம் எதுவுமின்றித் தானாகவே கற்றுக்கொண்டவனை வீணன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய ரசனைக்குத் தாயகம் அமெரிக்கா. அங்கே பேஸ்போல் ரசிகர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக வீரர் பரிவர்த்தனைகளைப் பின்பற்றி வந்திருக்கிறார்கள். பொஸ்டன் அணி பேப் ரூத்தை நியூயோர்க்குக்கு விற்ற செய்தி 1920ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியாயிற்று. அதை இன்றும் பேசித் தீராதவர்கள் அந்நகரில் உண்டு. 1920களில் சென் லூயிஸ் அணியை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி என்பவர், பெரிய அணிகளைப் போல் பணம் கொடுத்து வீரர்களை வாங்க முடியாத நிலையில், சிறு பட்டணங்களின் அணிகளைத் தம் வசப்படுத்தி, அங்கே இளைஞர்களைப் படிப்படியாக வளர்த்தெடுக்கும் ஏற்பாடு ஒன்றை நிறுவினார். பணமில்லாதவன் கண்டுபிடித்த வழியையே பின்னர் பணமுள்ளவர்களும் பின்பற்றினர். 1965 முதல் புதிய வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்யும் வழக்கமும் வந்தது. அங்குள்ள ரசிகன், இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் தலையெடுக்கப்போகும் பதினெட்டு வயதுப் பையனின் பெயரை இன்றே அறிந்து வைத்திருக்கிறான். கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரத்தைக் கொண்டாடுவதோடு அவனுடைய அபிமானம் அடங்கிவிடுவதில்லை.

இந்த வர்த்தகத்தின் இருண்ட பக்கத்தையும் அமெரிக்காவே முதலில் கண்டது. சென் லூயிஸுக்காகப் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கேர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர், 1969இல் தம்மைக் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டபோது, தாம் வாங்கி விற்கப்படும் சொத்து அல்லர் என்று கூறிப் போக மறுத்து, வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றார். ஏனெனில், அக்காலத்து விதிப்படி ஓர் அணியில் கையொப்பமிட்டவன், அந்த அணி விடும்வரை வேறெங்கும் செல்ல முடியாது. நமது பகுதியில் நிலச் சொந்தக்காரரான போடியார் வயல்வேலைக்கு அமர்த்திய முல்லைக்காரன்கூட, போகம் முடிந்து, வாங்கிய கடனும் தீர்ந்திருந்தால், மறுபோகத்துக்கு வேறொரு போடியாரிடம் போகலாம்; அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கு அந்த அளவு சுதந்திரமும் இருக்கவில்லை. 1972இல் ஃபிளட் தோற்றார். 1975இன் இறுதியில், வேறு இரு வீரர்களின் முறைப்பாட்டை விசாரித்த நடுவர் அளித்த தீர்ப்பினால் அந்தக் கட்டு அறுந்தது. அதன் பலனை ஃபிளட் அனுபவிக்கவில்லை. இந்தியாவின் ஏலத்திலும் தான் எந்த அணிக்குப் போவது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை வீரனுக்கு இல்லை. விலை பெரிதாக இருப்பதால் அந்த உண்மை மறைந்து நிற்கிறது.

இனி, நமது கரையின் விஷயத்துக்கு வருவோம். இங்கே சென்னைக்கு இருக்கும் ஆதரவு 2008இல் தொடங்கியது. அந்த ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி நடந்த முதல் ஏலத்தில் முரளிதரனைச் சென்னை 6 இலட்சம் டொலருக்கு எடுத்தது. பாஷையும் பெயரும் நெருங்கியிருந்தமையால் மஞ்சள் நிறம் நமக்கும் சொந்தமாயிற்று. 2013 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டு அரசின் ஆட்சேபத்தை அடுத்து இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடக்கூடாது என்று தீர்மானிக்கப்பட்டு, அப்போது பெங்களூர் அணியிலிருந்த முரளிதரனுக்கே சேப்பாக்கத்தின் கதவு மூடப்பட்டபோது, அந்தச் சொந்தம் ஒரு பக்கத்துச் சொந்தம் என்பது தெரிந்தது. எனினும் ரசிகர்கள் மறக்கத் தெரிந்தவர்கள். இரவுத் தொழுகை முடிந்து, தெருமுனைக் கடையில் ஆட்டத்தின் கடைசி ஓவர்களுக்காகக் கூடும் கூட்டத்தில் மஞ்சளே இன்றும் மிகுதி.

சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இவ்வளவு கணக்குப் பார்க்கும் நாம், கிழக்குக்கென ஓர் அணி ஒரு காலத்தில் இருந்ததை நினைவில் வைத்திருக்கிறோமா? 2012 ஓகஸ்ட் மாதம் இலங்கையில் ஏழு மாகாணங்களின் பெயரால் ஏழு அணிகளைக் கொண்டு ஒரு பிரீமியர் லீக் நடத்தப்பட்டது. அதில் ‘நெகெனஹிர நாகாஸ்’ என்று கிழக்கின் பெயரைச் சிங்களத்தில் தாங்கிய அணி, அஞ்சலோ மெத்யூஸின் தலைமையில் இறுதிப் போட்டி வரை முன்னேறி, மழை குறுக்கிட்ட ஆட்டத்தில் ஊவாவிடம் தோற்றது. ஆட்டங்கள் எல்லாம் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடந்தன. கிழக்கின் மண்ணில் ஒரு பந்தும் வீசப்படவில்லை. மறு ஆண்டு அந்தச் சுற்றுப்போட்டியே கைவிடப்பட்டது. மாகாணத்தின் பெயரை இறுதிப் போட்டிக்குக் கொண்டு சென்ற அணியை அம்மாகாணத்தில் எவரும் நினைவுகூராமைக்கு மக்களைக் குறைகூறுவது நியாயமன்று. தன் ஊர்ப் பையன் ஒருவனையும் காணாத பட்டியலில் அவர்கள் எதைப் பற்றிக்கொள்வார்கள்?

2020இல் லங்கா பிரீமியர் லீக் பிறந்தபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்ற ஐந்து பெயர்களே இருந்தன. கிழக்கு பெயரளவிலும் இல்லாமற் போயிற்று. புலம்பெயர் தமிழர் சிலரின் முதலீட்டில் அமைந்த யாழ்ப்பாண அணி, தன் ஆட்டங்களை ஹம்பாந்தோட்டையில் ஆடிய போதிலும், தாங்கிய பெயருக்கு ஏதாவது செய்தாக வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகி, வடக்கின் இளைஞர் சிலரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான விஜயகாந்த் வியாஸ்காந்த், பத்தொன்பது வயதை எட்டும் தறுவாயில் களமிறங்கி, கொழும்பு அணியின் மெத்யூஸை ஆட்டமிழக்கச் செய்தார். அந்த ஒரு வாசல் திறந்ததன் பயனாக, 2024இல், வனிந்து ஹசரங்க காயத்தினால் விலகியபோது, அவருடைய இடத்துக்கு ஹைதராபாத் அணி 50 இலட்சம் ரூபாய்க்கு அழைத்துக்கொண்டது யாழ்ப்பாணத்தின் இந்த இளைஞரையே. மே 8ஆந் திகதி, ஹைதராபாத் 166 என்ற இலக்கை 58 பந்துகளில் எட்டிய ஆட்டத்தில் அவர் அந்த அணிக்காக முதன்முறையாகப் பந்துவீசினார்.

நான் சொல்ல வந்தது இதுதான். யாழ்ப்பாண அணி 2024 வரை நான்கு முறை கிண்ணம் வென்றும், ஒருமுறையேனும் யாழ்ப்பாணத்தில் ஆடியதில்லை. ஆயினும் பட்டியலில் ஓர் ஊரின் பெயர் இருந்ததனால், அப்பட்டியலை நிரப்ப வேண்டியவர்கள் அந்த ஊரை ஒருதரம் திரும்பிப் பார்க்க நேர்ந்தது. பெயர் இல்லாத இடத்தை எவரும் பார்ப்பதில்லை. நமக்கு ஓர் அணி வேண்டும் என்று நான் கேட்பது மாகாணப் பெருமைக்காக அல்ல. தேடும் கண்கள் இந்தப் பக்கம் வருவதற்கு அதைவிட எளிய உபாயம் எனக்குத் தோன்றாமையால்.

தேடுபவன் வந்தால் என்ன நிகழும் என்பதற்கு லசித் மாலிங்கவே சாட்சி. காலிக்கு அருகே ரத்கமவின் கடற்கரையில் மென்பந்து விளையாடி அந்த விசித்திரமான கைவீச்சைப் பழகிய பையனை, முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக ராமநாயக்க கண்டெடுத்து, கடினபந்துக்குக் கொண்டுவந்து, அவனுடைய வீச்சைத் திருத்தாமல் விட்டார். இன்னும் வியப்பான உதாரணம், 2008இல் பேஸ்போல் எறிவோரைத் தேடி இந்தியாவில் நடத்தப்பட்ட ஒரு போட்டி. அதில் வேகமாகப் பந்தெறிந்து தேறிய ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர் இருவரை, பேஸ்போல் மட்டையைத் தொட்டும் அறியாத நிலையில் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று பயிற்றினர். அவ்வாண்டு முடியுமுன்பே பிட்ஸ்பர்க் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தது. தேடுபவர்கள் இந்தியாவரை வந்தார்கள். கொழும்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு வர ஓர் இரவு பஸ் போதும்.

நமது கரையில் மென்பந்துக்குப் பஞ்சமில்லை. கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலும், ஊருக்கு ஊர் உள்ள பாடசாலைத் திடல்களிலும் சுற்றுப்போட்டி நடக்காத விடுமுறை அரிது. ஐ.பி.எல்லைப் பார்த்து, புள்ளிகளை வைத்து வீரர்களை ஏலமெடுக்கும் வழக்கமும் நமது ஊர்களுக்கு வந்துவிட்டது. அந்த ஏலத்தை நடத்தும் இளைஞர்களின் சாதுரியத்தை எவரும் குறை சொல்ல முடியாது. குறை, கிண்ணம் கைமாறிய மறுநாளே ஓட்டப் பதிவேடு காணாமற் போய்விடுவதில் இருக்கிறது. பத்திரன கடைசி ஓவர்களில் சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுக்கிறார் என்று சொல்லும் நமது நண்பனுக்கு, தன் கழகத்தின் இடதுகைப் பந்துவீச்சாளன் சென்ற ஆண்டு மொத்தம் எத்தனை விக்கெட் எடுத்தான் என்பது தெரியாது. எவரும் எழுதி வைக்காததை அவன் எங்கே பார்ப்பான்? இந்த நிலையில் நாளை ஒருவர் உண்மையாகவே தேடி வந்தாலும், அவரிடம் காட்ட நம்மிடம் இருப்பது புகழ்ச்சி மாத்திரமே.

ஆட்சேபம் சொல்பவர்கள் இருப்பார்கள். லங்கா பிரீமியர் லீக் அப்படியொன்றும் சுத்தமான கிணறு அல்லவே என்பார்கள், உண்மை. பத்திரனவைக் கொழும்பு அணி 1 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு எடுத்த 2024 மே மாத ஏலம் நடந்து ஓரிரு நாட்களுக்குள், தம்புள்ளை அணியின் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானார். 2025இல் நடக்கவிருந்த பருவமும் ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் ஸ்தாபனம் சீர்ப்படும்வரை காத்திருந்து பிறகு இடம் கேட்பவனுக்கு இடம் எஞ்சுவதில்லை. அணிகளும் விதிகளும் மறுபடி எழுதப்படும் வேளையிலேதான் நிபந்தனை வைக்க முடியும். அந்த நிபந்தனை, 2012இன் அனுபவத்தை மனதிற் கொண்டு, பெயரோடு நின்றுவிடாததாக இருக்க வேண்டும். எந்த மாகாணத்தின் பெயரை ஓர் அணி தாங்குகிறதோ, அந்த மாகாணத்தின் பாடசாலைகளிலோ கழகங்களிலோ பதிவான இரு வீரரேனும் அதன் குழுவில் இருத்தல் வேண்டும். அவர்களில் ஒருவர் சில ஆட்டங்களிலாவது களமிறக்கப்படல் வேண்டும். பருவத்துக்கு முன்னர் அந்த அணியின் பயிற்றுநர்கள் அம்மாகாணத்தில் பகிரங்கத் தெரிவு நடத்துதல் வேண்டும். இலங்கைக் கிரிக்கெட் நிறுவனத்துக்கு இது செலவு அதிகம் வைக்கும் காரியமன்று.

நமது பக்கத்து வேலை இன்னும் மலிவானது. தேநீர்க் கடை நிபுணர்களில் நால்வர் சேர்ந்து, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் கடினபந்து ஆட்டங்களின் பதிவேடுகளைச் சேகரித்து, பதினைந்து முதல் இருபது வயதுக்குட்பட்ட ஆட்டக்காரர்களின் பெயர், பாடசாலை, ஓட்டம், விக்கெட் ஆகியவற்றை ஒரே பட்டியலாக எழுதத் தொடங்கலாம். மென்பந்தை இரண்டாம் வருடத்திற் சேர்த்துக்கொள்ளலாம். அதில் ஒரே வீரர் ஒரே மாதத்தில் மூன்று கழகங்களுக்கு ஆடுவதால் கணக்குச் சிக்கல் அதிகம்.