விருந்தாளிக்கு விடுப்பு எதற்கு?

சிங்கப்பூரிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவர், ‘அடுத்த வாரம் மதுரை வர்றேன்டா’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். இங்கே இருப்பவர் பதிலுக்கு இதயப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த நொடி பார்ப்பது காலண்டரைத்தான். மாதக் கடைசி. ஆடிட் நேரம். பிள்ளைக்குப் பரீட்சை. மிச்சமிருக்கும் கேஷுவல் லீவு இரண்டோ மூன்றோ. நண்பர் வருவதில் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு கூடவே ஒரு பதற்றமும் விமானத்திலிருந்து இறங்கிவிடுகிறது.

அதன் பிறகு நடப்பது எல்லா வீடுகளுக்கும் பொது. இரண்டு நாள் லீவு போடுவார். வாடகைக் கார் பேசுவார். நாயக்கர் மகாலையும் காந்தி மியூசியத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் நின்றால், பகல் 12.30-க்குச் சாத்திய நடை இனி 4 மணிக்குத்தான் திறக்கும் என்பார்கள். மறுநாள் அழகர்கோயில், முடிந்தால் கொடைக்கானல். மூன்றாம் நாள் லீவு தீர்ந்துவிடும். வீட்டுக்காரர் ஆபீஸ் போய்விட, நண்பர் ஹாலில் உட்கார்ந்து சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மணிக்கொரு போன்: “சாப்பிட்டியா? தூங்கினியா? போரடிக்குதா?” விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிவைத்தவர் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இதில் ஒரு பிசகு இருக்கிறது. பழந்தமிழில் ‘விருந்து’ என்றால் புதுமை. புதிதாகப் புனையப்படும் செய்யுள் வகைக்கும் தொல்காப்பியம் அந்தப் பெயரையே வைத்தது. முன்பின் அறியாமல் வாசலுக்கு வந்தவரே விருந்தினர். உறவும் நட்பும் வேறு கணக்கு. இருபது வருஷம் பழகியவரைப் புதியவருக்கான நாற்காலியில் உட்காரவைத்து, வாழையிலை போட்டு, சுற்றுலா நிகழ்ச்சிநிரலும் கையில் கொடுப்பதில்தான் களைப்பு தொடங்குகிறது. பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் முகம் பாராமலே நண்பர்களானவர்கள். வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த சோழன், ஆந்தையார் கட்டாயம் வருவார் என்று நம்பினான். அவருக்காகச் செய்யச் சொன்ன ஏற்பாடு, பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கிவைப்பது. அவ்வளவுதான்.

வேலைதான் தடை என்று நினைப்பவர்கள் மதுரை அண்ணாநகரிலிருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் கத்தி பிடித்து ஆயிரக்கணக்கில் அறுவைசிகிச்சை செய்த மனிதர். ஓய்வு நேரம் என்ற ஒன்று அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் 1978-ல் உருவான சேவா அமைப்பின் நண்பர்கள் அவரைத் தேடி வந்தபடியே இருந்தார்கள். அவர்களை மதுரைக்கு இழுத்தது கோபுரமல்ல, அங்கே நடந்த வேலை. அப்படி வந்தவர்களில் ஒருவரான டேவிட் கிரீன் துணைநிற்க, 1992-ல் ஆரோலேப் பிறந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகாத, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் மதுரையிலேயே தயாராகி, விலையும் சல்லிசாக இறங்கியது. நண்பருக்கு ஊர் சுற்றிக்காட்ட நேரமில்லாத ஒருவர், தன் வேலையைக் காட்டியதில் விளைந்தது இது.

எல்லோரும் டாக்டர் வெங்கடசாமி இல்லை, சரி. வங்கிக் கேஷ் கவுன்டருக்குள்ளோ அடையாள அட்டை கேட்கும் ஐ.டி. அலுவலகத்துக்குள்ளோ யாரையும் கூட்டிப்போக முடியாது. ஆனால் கீழவாசலில் கடை வைத்திருப்பவருக்கும், அச்சகம் நடத்துபவருக்கும், வாடிப்பட்டியில் வயல் பார்ப்பவருக்கும், பள்ளிக்கூட வாத்தியாருக்கும் என்ன தடை? வெளிநாட்டில் பல வருஷம் இருந்தவருக்கு நாயக்கர் மகால் தூண்களைவிட, நண்பன் ஒரு மொத்த வியாபாரியிடம் எப்படிப் பேரம் பேசுகிறான் என்பது சுவாரஸ்யமான காட்சி.

மற்றவர்களுக்கு மதுரையே கைகொடுக்கும். ஆபீஸ் நேரத்தில் அடங்கிப்போகிற ஊர் இல்லை இது. பகல் கடைத்தெருவான நாளங்காடியையும் இரவுக் கடைத்தெருவான அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி அந்தக் காலத்திலேயே பேசிவிட்டது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் விடியுமுன்னே களைகட்டும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மல்லிகையை மூட்டை மூட்டையாகப் பார்த்துவிட்டு, ஒரு டீயும் குடித்து வீடு திரும்பினாலும் ஆபீஸ் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் கோயிலில், சொக்கரின் திருப்பாதத்தைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். பகல் கூட்டத்தில் மூச்சுமுட்டி நிற்பதற்குப் பதில் இதைப் பார்க்கலாம். 2018-ல் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்ததற்குப் பிறகு உள்ளே செல்போன் கிடையாது என்பதால், ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொள்ளும். வெளியே வந்ததும் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, அப்புறம் கொத்துப் பரோட்டாக் கல்லின் தாளம். ஞாயிறு காலை என்றால் கீழக்குயில்குடி சமணர்மலை இருக்கிறது; எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் பசுமை நடைக் குழுவினர் இப்படிப்பட்ட மலைகளுக்குப் பல ஆண்டுகளாக ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள்.

பகல் பொழுதை நண்பரிடமே விட்டுவிடலாம். ராமேஸ்வரம் சாலையில் சிலைமான் தாண்டி இருக்கும் கீழடிக்கு அவர் பஸ்ஸில் போய்வரட்டும். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் அரை நாள் தாராளமாகப் போகும். அவருக்கு வழித்துணையைவிட அவசியமானது சில்லறை நோட்டு. வெளிநாட்டுக் கார்டை டீக்கடையில் நீட்டினால் கடைக்காரர் சிரிப்பார்.

மதுரையில் குடும்பங்களோடு தங்கியிருந்த வெளிநாட்டினரின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தில் தமிழ் படிக்க வரும் மாணவர்கள் இங்கே வீடுகளில் தங்கியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் யாரும் ஆறு மாதம் லீவு போட்டதில்லை. சினிமா ரசிகர்களைப் பற்றி ஆராய 1980-களில் வந்த சாரா டிக்கி, நண்பர்களைத் தேடித் திரும்பத் திரும்ப வந்தார். மதுரையில் வர்க்கம் எப்படி அன்றாடம் வாழப்படுகிறது என்று 2016-ல் அவர் எழுதிய நூல் அடுக்களையிலும் திண்ணையிலும் கேட்ட பேச்சிலிருந்து வந்தது.

அடுக்களை என்றதும் சொல்லியாக வேண்டும். ‘நம்ம வீட்டுலதான் தங்கணும்’ என்று வீராப்பாகச் சொல்வது பெரும்பாலும் ஆண். அதிகாலை எழுந்து இட்லிக்குச் சட்னி அரைத்துவிட்டுத் தானும் வேலைக்கு ஓடுவது அவர் மனைவி. மூன்று வேளையும் விசேஷச் சமையல் என்ற ஏற்பாட்டை முதலில் கைவிட வேண்டும். இன்னொரு வேலையும் உண்டு, அதை மட்டும் ஆணே செய்யலாம்: வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் ‘படிவம் III’-ஐ (முன்பு ‘படிவம் சி’) ஆன்லைனில் பதிய வேண்டும். சொந்த நண்பன்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

கையில் ஒரு மாற்றுச் சாவி, தெரிந்த ஆட்டோக்காரரின் எண், பிரிட்ஜில் மாவு எங்கே இருக்கிறது என்ற தகவல். இவை போதும். நண்பர் இரண்டாம் நாளே தானாகத் தோசை ஊற்றிக்கொள்வார், தின்ற தட்டையும் கழுவ எழுவார். அந்த நேரம் பார்த்து, “வந்த புள்ளைய வேலை வாங்குறியேடா, பாவி” என்று மகனைத் திட்டப்போகும் அம்மாவைச் சமாதானப்படுத்தும் வழியை மட்டும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.