ஆஸ்துமா செயலி நம் வீட்டுத் தமிழிலும் பேசட்டும்

ஆஸ்துமாவுக்கு நல்ல மருந்து இருக்கிறது. சிங்கப்பூரில் அது எளிதில் கிடைக்கிறது. அந்தச் செலவுக்கு மெடிசேவையும் பயன்படுத்த முடிகிறது. ஆனால், வாங்கிய மருந்து நுரையீரலைச் சென்றடைகிறதா? மாத்திரையை விழுங்கினால் வேலை முடிந்தது. இன்ஹேலர் அப்படியன்று. அதைப் பயன்படுத்தக் கைப்பழக்கம் வேண்டும்.

அழுத்திப் பயன்படுத்தும் இன்ஹேலரை முதலில் குலுக்க வேண்டும். மூச்சை முழுமையாக வெளியேவிட்டு, இன்ஹேலரின் வாய்ப்பகுதியைச் சுற்றி உதடுகளை இறுக மூடி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு சுமார் 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். மருந்துப் பொடி உள்ள இன்ஹேலருக்கோ மூச்சை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஒரே நோயாளியிடம் இரண்டு வகையும் இருந்தால் குழப்பம் ஏற்படுவதில் வியப்பில்லை.

இது சிலருக்கு மட்டுமே உள்ள சிக்கலும் அன்று. 1975 முதல் 2014 வரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து ‘செஸ்ட்’ மருத்துவ இதழ் 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் மட்டுமே என்றும் 40 ஆண்டுகளில் நிலைமை மேம்படவில்லை என்றும் அது கூறியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் மட்டும் ஆஸ்துமாவால் 455,000 பேர் இறந்தனர்.

கற்றுத்தரும் முறையைத்தான் நாம் மாற்றிப் பார்க்க வேண்டும். மருந்தகத்தில் தாதியோ மருந்தாளரோ ஒருமுறை செய்து காட்டுகிறார். நோயாளி தலையசைக்கிறார். கையில் ஒரு துண்டுப்பிரசுரத்துடன் வீடு திரும்புகிறார். இரண்டு வாரங்களில் பாதி மறந்துவிடுகிறது. சைக்கிள் ஓட்டுவதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாததுபோல, இதையும் செய்து, தவறி, திருத்திக்கொண்டுதான் கற்க முடியும்.

மின்னிலக்கக் கருவிகள் உதவக்கூடிய இடம் இதுவே. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். துண்டுப்பிரசுரத்தைப் படம்பிடித்துச் செயலியில் போடுவது மின்னிலக்கக் கல்வி ஆகாது. காணொளியும் ஒருவழிப் பேச்சுதான். நோயாளியிடம் கேள்வி கேட்டு, அவர் செய்வதைக் கவனித்து, தவறினால் திருத்தும் கருவியே உண்மையில் பயனளிக்கும்.

இந்த எண்ணம் புதியதும் அன்று. 1990களின் நடுப்பகுதியில் சூப்பர் நிண்டெண்டோவுக்காக ‘பிராங்கி த பிராங்கியாசாரஸ்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. அதில் வரும் டைனோசருக்கு ஆஸ்துமா. விளையாடும் பிள்ளைதான் அதற்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்து, தூசியிலிருந்தும் புகையிலிருந்தும் அதைக் காக்க வேண்டும். முடிவெடுக்கும் பொறுப்பு பிள்ளையின் கையில் இருந்ததால், கற்பதும் எளிதாயிற்று.

இன்று நம் திறன்பேசியால் இன்னும் அதிகம் செய்ய முடியும். முன்பக்கக் கேமரா கண்ணாடிபோல் உதவும். திரையில் ஓடும் விநாடிகளைப் பார்த்து மூச்சை அடக்கலாம். இன்ஹேலரில் பொருத்தும் உணர்கருவிகள், மருந்து எப்போது எடுக்கப்பட்டது என்பதைப் பதிவுசெய்கின்றன. ‘ஆஸ்துமா கட்டுப்பாட்டுச் சோதனை’ கடந்த 4 வாரங்களைப் பற்றிய 5 கேள்விகளைக் கொண்டது. மொத்தம் 25 புள்ளிகள். 19 அல்லது அதற்குக் கீழ் என்றால் நோய் கட்டுக்குள் இல்லை. இதைச் செயலி மாதந்தோறும் கேட்டு, புள்ளி குறைந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாம். மூச்சுத்திணறலைப் போக்கும் மருந்து பலன் தராமல், ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியாத நிலை வந்தால் 995ஐ அழைக்க வேண்டும் என்பதையும் பாவனைச் சூழலில் பழக்கலாம்.

ஆனால், இவை அனைத்தும் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் நம் பாட்டி தாத்தாவுக்கு என்ன பயன்? பெரியவர்களிடையே ஆஸ்துமா சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம் என்று சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகள் முன்பே காட்டியுள்ளன. எனவே, தமிழை ஒரு கூடுதல் வசதியாக எண்ணிக் கடைசியில் சேர்ப்பது சரியாகாது.

தமிழ் என்றால் எந்தத் தமிழ் என்பதும் முக்கியம். “மருந்தினை உள்ளிழுக்கவும்” என்று திரையில் எழுதினால் போதாது. “மூச்சை மெதுவா உள்ள இழுங்க, அப்படியே அடக்கிக்குங்க” என்று ஒரு குரல் சொல்ல வேண்டும். நம் வீடுகளின் பழக்கமும் நம்பிக்கையும் அதில் இடம்பெற வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, மெத்தையில் வளரும் தூசிப்பூச்சி ஆகியவை மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். “இப்ப நல்லாத்தானே இருக்கேன், அப்புறம் எதுக்கு மருந்து?” என்ற கேள்விக்கும் பதில் தேவை. திணறல் இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயில் வீக்கம் இருக்கலாம். அன்றாடத் தடுப்பு மருந்து அதைத்தான் தணிக்கிறது. உடனடி நிவாரணம் தரும் மருந்தை மட்டுமே நம்பியிருக்கும் சிகிச்சை கூடாது என்று ஜீனா எனும் அனைத்துலக ஆஸ்துமா அமைப்பு 2019இல் பரிந்துரைத்தது. நீல நிற ‘பம்ப்’ மட்டும் போதும் என்றிருக்கும் நம் பெரியவர்களுக்கு இச்செய்தி இன்னும் எட்ட வேண்டியுள்ளது.

மூத்தோருக்குத் திறன்பேசி ஒத்துவராது என்று சிலர் சொல்வர். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பும் பாட்டிகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். எனினும் இரண்டு எச்சரிக்கைகள் நியாயமானவை. நோயாளியின் தகவல்கள் யாரிடம் போகின்றன என்பது அவருக்குத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். அடுத்து, செயலி வந்துவிட்டது என்பதற்காகத் தாதியின் நேரத்தைக் குறைத்துவிடக் கூடாது. கருவி வீட்டில் பயிற்சி தரட்டும். சரிபார்ப்பதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவக் குழுவின் வேலை.

மாணவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. தாதிமை படிப்பவர், கணினி படிப்பவர், வடிவமைப்பு படிப்பவர், தமிழில் நன்றாகப் பேசத் தெரிந்தவர் எல்லாரும் நம்மிடையே இருக்கிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடுவோர் இதை எடுத்துக்கொள்ளலாம். மருத்துவ நிபுணர்களின் வழிகாட்டுதலோடு, முதல் நாளிலிருந்தே தமிழ் மூத்தோரை அருகில் அமர்த்தி உருவாக்கினால் அது அவர்களுக்குப் பயன்படும்.

செயலி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரம் வீட்டில் இன்ஹேலர் பயன்படுத்துபவரிடம், “எப்படி எடுக்கிறீங்கன்னு ஒருதரம் காட்டுங்க” என்று கேளுங்கள். ஏதேனும் ஐயம் எழுந்தால், அடுத்த முறை மருந்தகத்துக்கு அவருடன் நீங்களும் செல்லுங்கள்.