பேய்ப் படமும் பிள்ளைகளும்

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி ஞாயிறன்று குடும்பத்தோடு சினிமாவுக்குப் புறப்படுகிறார். பேய்ப் படம் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். உழைத்தவருக்குப் பொழுதுபோக்கு வேண்டியதுதான். அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால், மடியிலிருக்கும் குழந்தை?

1951-ல் ஜூபிடர் பிக்சர்ஸாரின் ‘மர்மயோகி’ வெளிவந்தது. ஆவியாக உலவியவர் உயிரோடிருந்த அரசரே என்று கதை முடிந்தது. ஆயினும் அந்த ஆவிக் காட்சிகளுக்காகத் தணிக்கையாளர்கள் ‘ஏ’ சான்றிதழ் அளித்தனர். தமிழில் அதுவே முதல் ‘ஏ’ படம். ‘காஞ்சனா’ (2011) பார்த்துப் பழகிய நமக்கு இன்று இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், அன்று குழந்தைகளைப் பற்றி ஒரு கவலை இருந்தது.

2024-ல் வந்த விதிகளின்படி ‘யுஏ’ சான்றிதழ் 7, 13, 16 என்று வயதையும் குறிக்கிறது. எனினும், அது பெற்றோருக்குச் சொல்லும் யோசனையே. கொட்டகை வாசலில் தடுக்கும் சட்டமல்ல. தடுக்க வேண்டியவர்கள் தாய் தந்தையரே. போஸ்டரில் நடிகர் பெயரைத் தேடும் கண், அந்த எண்ணையும் பார்க்கட்டும். இரண்டரை மணி நேரத்தில் பேய் திரையை விட்டுப் போய்விடும். குழந்தையின் தூக்கத்தை விட்டுப் போக நாளாகும்!