வாக்கெடுப்பு இல்லாத அவை

2023 டிசம்பர் 13 அன்று துபாயில், காலநிலை மாநாட்டின் தலைவர் சுல்தான் அல் ஜாபர் சுத்தியலைத் தட்டி, தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தார். அரங்கம் எழுந்து கைதட்டியது. சிறு தீவு நாடுகளின் கூட்டணியைச் சேர்ந்த 39 நாடுகளின் பிரதிநிதிகள் அப்போது அரங்கில் இல்லை. என்ன பதில் சொல்வது என்று வெளியே கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இல்லாத நேரத்தில் முடிவெடுத்துவிட்டீர்கள் என்று பிறகு சொன்னார் சமோவாவின் ஆன் ராஸ்முசன். அவர் பேசி முடித்ததும் அதே அரங்கம் மீண்டும் எழுந்து நின்று, நெடுநேரம் கைதட்டியது. தீர்மானத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இந்த மாநாடுகளைப் பற்றி நமக்கு வருகிற சலிப்பு நியாயமானது. ஆனால் அந்தச் சலிப்பு போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்று உண்டு. 1995இல் பெர்லினில் முதல் மாநாடு கூடியபோது, வாக்கெடுப்பு பற்றிய 42ஆம் விதியில் உடன்பாடு ஏற்படவில்லை. எதையும் கருத்தொற்றுமையால் மட்டுமே முடிவு செய்ய வேண்டும் என்று எண்ணெய் நாடுகள் பிடிவாதமாக நின்றன. அந்த ஒரு விதியை ஓரமாக வைத்துவிட்டு, மற்ற விதிகளைத் தற்காலிகமாகக் கைக்கொண்டே இதுவரை 30 மாநாடுகள் நடந்துவிட்டன. 2011இல் பாப்புவா நியூகினியும் மெக்சிகோவும் ஒரு திருத்தம் கொண்டுவந்தன: எல்லா முயற்சியும் தோற்றால், கடைசி வழியாக வாக்கெடுப்பு வேண்டும் என்று. அது அப்படியே கிடக்கிறது.

வாக்கெடுப்பு இல்லாத அவையில் கருத்தொற்றுமை இருக்கிறதா என்பதைத் தலைவரின் காதுதான் முடிவு செய்கிறது. 2010இல் கான்குனில் பொலிவியா மறுத்தது, சுத்தியல் விழுந்தது. 2024இல் பாகுவில் இந்தியா பேச அனுமதி கேட்டது. அதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது. அங்கே வளரும் நாடுகள் காலநிலை நிதியாகக் கேட்டது ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர். பணக்கார நாடுகள் முன்னின்று திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது 30,000 கோடி, அதுவும் 2035க்குள். இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா அதைக் கண்கட்டு என்று கண்டித்தார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் 2021இல் கிளாஸ்கோவில் கடைசி மணி நேரத்தில் நிலக்கரி பற்றிய வரியை நீர்த்துப்போகச் செய்ததில் இந்தியா முன்னால் நின்றது. அன்று அரங்கில் மனம் உடைந்து பேசியவர்கள் இதே தீவு நாட்டவர்கள். இதையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம்பிக்கையையும் அந்தத் தீவு நாடுகளிடமிருந்தே பெறுகிறோம். கடல் மட்டம் உயர்வதால் வரும் இழப்புக்குத் தொழில்வள நாடுகள் பணம் போட்டு ஒரு காப்பீட்டு நிதியம் அமைக்க வேண்டும் என்று வனுவாட்டு கேட்டது 1991இல். மறு ஆண்டு கையெழுத்தான காலநிலை உடன்படிக்கையில் அது இடம்பெறவில்லை. கேட்பதை அவர்கள் விடவில்லை. ஆட்கள் மாறினார்கள், அரசுகள் மாறின, கோரிக்கை மாறவில்லை. 2022இல் ஷர்ம் அல் ஷேக்கில், இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் ஒப்புக்கொள்ளப்பட்டது. 31 ஆண்டுகள்! அதற்கு இதுவரை வாக்களிக்கப்பட்ட தொகை 100 கோடி டாலரைத் தொடவில்லை என்பது வெட்கக்கேடு. ஆனாலும் அப்படியொரு கடமையே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மாநாட்டு மண்டபத்துக்கு வெளியிலும் அவர்கள் கதவைத் தட்டினார்கள். 2019இல் வனுவாட்டுவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த தென்பசிபிக் பல்கலைக்கழக மாணவர்கள் 27 பேர் தொடங்கிய முயற்சி, ஐநா பொதுச்சபை வழியாகச் சர்வதேச நீதிமன்றத்தை எட்டியது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம் என்று 2025 ஜூலை 23இல் அந்த நீதிமன்றம் கருத்துரைத்தது. வகுப்பறையில் எழுந்த ஒரு யோசனை ஆறே ஆண்டுகளில் அவ்வளவு தூரம் போனது.

துபாய் மாநாடு நடந்துகொண்டிருந்தபோதுதான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. ஆகவே இது எங்கோ பசிபிக்கில் நடக்கும் சங்கதி என்று நாம் ஒதுங்க முடியாது. அடுத்த மாநாடு 2026 நவம்பரில் துருக்கியின் அந்தால்யாவில். நடைமுறை விதிகளை ஏற்பது என்ற வரி நிகழ்ச்சி நிரலில் வழக்கம்போல இருக்கும். தலைவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். பாகுவில் பேச விடாமல் தடுக்கப்பட்ட இந்தியா, இந்த முறை அந்த வரியில் எழுந்து நின்று, 42ஆம் விதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும்.