எல்லோருக்குமான வாகனம்

'ஆம்னிபஸ்' என்னும் லத்தீன் பதத்துக்கு 'எல்லோருக்கும்' என்பது பொருள். பிரான்ஸ் தேசத்து நான்ட் நகரில் 1820-களில் குதிரை பூட்டிய பொது வண்டிக்கு வழங்கி, 1829-இல் ஜார்ஜ் ஷில்லிபியரால் லண்டன் வீதிக்கு வந்து, பின்னர் 'பஸ்' என்று குறுகிய அப்பெயர், இன்று தமிழ்நாட்டில் 'ஆம்னி பஸ்' என முழு உருவில் தனியாரின் சொகுசு வண்டிகளையே குறிக்கிறது. பண்டிகைக் காலங்களில் அவற்றின் கட்டணத்தைக் கேட்டுத் திரும்பிப் போகிறவர்களே அநேகர்.

'எல்லோரும்' என்பது நம் நாட்டில் எளிதாய்க் கைகூடிய லட்சியம் அன்று. திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, தம் இனத்தவர் கால் வைக்கவும் தடுக்கப்பட்டிருந்த பொதுப் பாதையில், 1893-இல் வில்வண்டி ஏறித் துணிவுடன் பிரயாணம் செய்தார். அந்த ஒரு பிரயாணம், வாகனத்தைப் பற்றிய எந்த விவாதமும் பாதையைப் பற்றிய, பாதையில் செல்லும் மனிதனின் கௌரவத்தைப் பற்றிய விவாதமே என்பதை ஸ்தாபித்தது. மோட்டார் வந்த பின்னும் இந்த வழக்கு ஓயவில்லை. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று, ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் உத்தரவிட நேர்ந்தது.

திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது 1936 நவம்பர் 12-இல். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட ஸால்ட்டர் என்பவரின் மேற்பார்வையில் சமஸ்தானத்து பஸ் போக்குவரத்தை மகாராஜா சித்திரைத் திருநாள் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தது 1938 பிப்ரவரி 20-இல். அய்யன்காளி அப்போது ஜீவித்திருந்தார். சர்க்காரே நடத்தும் வண்டியில், சீட்டுக்குரிய காசைத் தவிர வேறு தகுதி கேட்கப்படாமல் அமரும் உரிமை, அவருடைய வாழ்நாளுக்குள்ளேயே திருவிதாங்கூரில் இடம் பெற்றது.

கேரள ஜனங்கள் 'ஆனவண்டி' (யானை வண்டி) என்று பிரியத்தோடு அழைக்கும் அந்த வண்டியின் வாரிசுகள் இன்று நஷ்டக் கணக்கினால் மட்டுமே அளக்கப்படுகின்றன. வரவுசெலவு பார்க்க வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வருமானம் குறைந்த மலையோரக் கிராமத்தின் கடைசி பஸ்ஸை நிறுத்துவதால் மிச்சமாகும் தொகையோடு, அதனால் வேலையையும் படிப்பையும் வைத்தியத்தையும் இழப்பவர்களின் நஷ்டத்தையும் அதே கணக்கில் எழுத வேண்டும் என்பதே நம் கோரிக்கை. இயங்கும் பஸ்களிலும், உயர்ந்த படியில் ஏற முடியாத முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். நாற்காலியில் வருவோருக்கு வசதி செய்யக் கடமைப்படுத்தும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே நிறைவேறிவிட்டது.

ஆகவே, புதிய பஸ் வாங்கப்படும் ஒவ்வொரு சமயத்திலும் அதன் படி எவ்வளவு தாழ்ந்தது என்று கேளுங்கள். ஒரு வழித்தடம் நிறுத்தப்படுமானால் அதை நம்பியிருந்தவர் யார் என்று கேட்டு அதிகாரிகளுக்கு எழுதுங்கள். ஏற முடியாத ஒருவர் சாலையோரம் நிற்கும்வரை அவ்வாகனம் பொது வாகனம் ஆகாது.