லங்காவியில் மலிவு, சுங்கைப் பட்டாணியில் விலை: ஒரே ஒயினுக்கு ஏன் இந்த வித்தியாசம்?

கோல கெடாவில் ஃபெர்ரி ஏறி லங்காவி போய் வந்தவர்களுக்குத் தெரியும். அங்கே மலிவாகப் பார்த்த அதே ஆஸ்திரேலிய ஷிராஸ், சுங்கைப் பட்டாணி பேரங்காடியில் யோசிக்க வைக்கும் விலையில் இருக்கும்.

காரணம் வரிதான்.

லங்காவியும் கெடா மாநிலம்தான். ஆனால் 1987 முதல் அது வரியில்லாத் தீவு. அங்கிருந்து மது கொண்டுவரக் குறைந்தது 48 மணி நேரம் தங்கியிருக்கணும். ஆளுக்கு ஒரு லிட்டர்தான். அதாவது, வழக்கமான 750 மில்லிலிட்டர் போத்தல் ஒண்ணே ஒண்ணு.

தீவுக்கு வெளியே கணக்கு வேற. 2016 மார்ச் முதல் கலால் வரி போத்தலின் விலையைப் பார்ப்பதில்லை. உள்ளே எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. ஒயினுக்கு அப்போது விதித்தது, ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 150 ரிங்கிட்.

பரோசா பள்ளத்தாக்கு போன்ற வெயில் கடுமையான இடங்களில் திராட்சை நன்றாகப் பழுத்து இனிப்பு ஏறும். அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது. அதனால் அடர்த்தியான சிவப்பு ஒயினில் 14 விழுக்காடு சாதாரணம். ஒரு போத்தலுக்கு 105 மில்லிலிட்டர் ஆல்கஹால். வரி 15 வெள்ளி 75 காசு. இறக்குமதி வரி, விற்பனை வரி தனி.

20 வெள்ளி ஒயினுக்கும் இதே கலால் வரி, 200 வெள்ளி ஒயினுக்கும் இதே வரி. அடி விழுவது மலிவான போத்தலுக்குத்தான். 2025 நவம்பர் 1 முதல் மதுபானக் கலால் வரி இன்னும் 10 விழுக்காடு கூடியது.

சரி, ஒயின் குடிக்கிறவங்க கவலை தோட்டத்துக்கு எதுக்கு?

தோட்டப்புறத்தில் 'சம்சு' என்று சொல்லும் மலிவு மதுவுக்கு 2016-இல் விதித்தது 60 ரிங்கிட்தான். அதே அளவு போதைக்குப் பாதிக்கும் குறைவான வரி! சின்னப் போத்தல்களைத் தடுக்க, 2017 டிசம்பர் முதல் குறைந்தது 700 மில்லிலிட்டர் என்று விதி வந்தது. வாங்கும் வயதும் 21 ஆனது.

கெடாவில் இது பழைய சண்டை. தோட்டங்களிலேயே கள்ளுக்கடை இருந்த காலத்தில், 1947-இல், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த தொண்டர் படையினர் அவற்றுக்கு எதிராக மறியல் செய்து போலீஸோடு மோதினார்கள்.

சம்சு வரியை ஒயின் அளவுக்கு ஏற்றிவிடலாமே என்று கேட்பது சுலபம். ஏற்றத்தான் வேண்டும் என்றே தோன்றுகிறது. ஆனால் கூடவே கள்ளச் சரக்கைப் பிடிக்கவும் ஆள் வேணும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.