சாவியைக் கேட்போம்

கல்யாண வீடு, மொய் விருந்து, கெடாவெட்டு, சாவு வீடு என்று எங்கே பாட்டில் திறந்தாலும் குடிக்காத நாலு பேர் அங்கே இருக்கிறோம். குடித்தவர் வண்டியை எடுக்கும்போது ‘பார்த்துப் போப்பா’ என்று வழியனுப்பி வைப்பதும் நாம்தான். அந்த நாலு பேரைத் திரட்டவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவுப்படி, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டுவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். துணைபோகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆவது பிரிவு. குடித்தவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்பவர்மீதும் வழக்குப் போடுவோம் என்று 2022இல் சென்னைக் காவல்துறை அறிவித்தது. அது நியாயம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

‘நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்’ என்பவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது, அதனால்தான் பயப்படுகிறோம். தன்னை எடைபோடும் புத்தியை மது முதலிலேயே மழுங்கடித்துவிடுகிறது. நடை தள்ளாடுவதற்கு முன்பே, கண் கண்டதைக் கால் பிரேக்கில் காட்டும் வேகம் குறைந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி தாமதித்தால் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். மோரோ எலுமிச்சைச் சாறோ பச்சைத்தண்ணீர்க் குளியலோ இதை மாற்றாது. ஈரல் தன் வேகத்தில்தான் மதுவைக் கழிக்கும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். நள்ளிரவு வரை குடித்துவிட்டு விடிகாலையில் பள்ளி வேன் எடுப்பவரையும் சேர்த்தே சொல்கிறோம்.

அடிபடுபவர் பல சமயம் அந்த விருந்துக்கே வராதவர். 2006இல் மும்பை கார்ட்டர் சாலையில், நடைபாதையில் தூங்கிய ஏழு தொழிலாளர்கள் ஒரு கார் ஏறிச் செத்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார். 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த தண்டனை, மூன்று ஆண்டுகள். ஏழு உயிருக்கு மூன்று ஆண்டுகள்!

அரசையும் கேட்போம். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடை நடத்துவது அரசு நிறுவனமான டாஸ்மாக்தான். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே நகராட்சி எல்லைக்குள் விலக்கு வந்துவிட்டது. கடையை ஒட்டி பார், பார் வாசலில் வரிசையாக வண்டிகள். வந்தவர் எப்படித் திரும்பிப் போவார் என்ற கவலை விற்பவருக்கும் வேண்டும். ஒவ்வொரு பாரிலும் ஊதிப் பார்க்கும் கருவியும், சாவியை வாங்கி வைக்க ஓர் ஆளும் வரும்வரை விடமாட்டோம்.

இயக்கத்தில் குடிப்பவர்களும் சேரலாம். குடிக்கப் போகும்போது வண்டி வீட்டில் நிற்க வேண்டும். விருந்து வைப்பவர் திரும்பிப் போக ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்யட்டும், இல்லாவிட்டால் திண்ணையில் பாய் போடட்டும். குடித்தவரிடம் வண்டிச் சாவியைக் கேட்டால் மாமன் மச்சானுக்குள் மனஸ்தாபம் வரும், சில வீடுகளில் பேச்சுவார்த்தைகூட நின்றுபோகும். அதற்குத் துணிந்துதான் வந்திருக்கிறோம். பிடிபட்டவருக்காக ‘நம்ம பையன்தான் சார், விட்டுடுங்க’ என்று ஸ்டேஷனுக்குப் போன் போடும் பழக்கத்தை இன்றோடு விடுகிறோம். பிடிபட்டவர் எங்கள் உறுப்பினராகவே இருந்தாலும், அபராதத்தை அவரே கட்டட்டும், கோர்ட்டுக்கு அவரே போகட்டும்.